வெள்ளிமலைக்கு வழி கேட்டவர்களுக்கு

சென்னையில் படித்துக்கொண்டிருக்கும் நண்பர்கள் ஏழெட்டுப் பேர், எல்லோரும் நம்ம பிள்ளைகள்தான், போன மாதம் என்னிடம் ஒரு வேலை சொன்னார்கள். "ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு எதுவும் வேணாம் அண்ணே. கடைத்தெரு இல்லாத, கூட்டம் இல்லாத மலையா ஒண்ணு வேணும். சனி ஞாயிறு ரெண்டே நாளு. கல்வராயன் மலை அப்படித்தான் இருக்குதாமே, இன்னும் கெடாம. நீங்க அந்தப் பக்கம்தானே, எங்க எறங்கறது, எங்க தங்கறது, இன்னா பாக்கறதுன்னு ஒரு திட்டம் போட்டுக் குடுங்க."

இதென்ன பெரிய வேலை என்று ஒரு முழுத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கள்ளக்குறிச்சி, கச்சிராப்பாளையம், கோமுகி அணை, வெள்ளிமலை, கரியாலூர் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, பக்கத்தில் நேரம் குறிக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு ஊர்ப் பெயரையும் எழுதியதும் பேனா நின்றுவிட்டது. நேரம் எழுத வேண்டிய இடத்தில் வருஷங்களாக எழுதிக்கொண்டிருந்தேன். அந்தத் தாளில் எழுதியதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன். 'இன்னும் கெடாம' என்று அந்தப் பிள்ளைகள் சொன்ன சொல் என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு மலை கெடாமல் இருக்கிறது என்றால் யாருக்காக, யார் செலவில் அப்படி இருக்கிறது என்று கேட்க நாம் பழகியிருக்க வேண்டாமா?

முதல் வரி: சனிக்கிழமை காலை, கள்ளக்குறிச்சி பஸ் நிலையம்.

இந்த ஊர் தனி மாவட்டமானது 2019-ல். அதற்கு முன் விழுப்புரம் மாவட்டம். 1993-க்கு முன் தென்னாற்காடு. நாங்கள் வளர்ந்தபோது கலெக்டரைப் பார்க்க வேண்டும் என்றால் கடலூருக்குப் போக வேண்டும். அவரைப் பார்த்தவன் எங்கள் சேரியில் ஒருத்தனும் கிடையாது. மலையில் இருந்தவனுக்கோ கடலூர் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

வெளியூர்க்காரர்கள் கள்ளக்குறிச்சி என்ற பெயரைக் கேட்டவுடன் இன்று நினைப்பது மலையை அல்ல. 2024 ஜூன் 18-ஆம் தேதி கருணாபுரத்தில் விற்ற பாக்கெட் சாராயத்தை. மெத்தனால் கலந்த அந்தச் சாராயத்தில் 65-க்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். கருணாபுரம் ஊருக்கு வெளியே எங்கோ காட்டில் இல்லை. நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. செத்தவர்களில் பெரும்பாலோர் நம்ம சனங்கள். மூட்டை தூக்குகிறவர்கள், பெயிண்ட் அடிக்கிறவர்கள், கூலி வேலைக்குப் போகிறவர்கள். பெண்களும் உண்டு. புருஷனும் பெண்டாட்டியும் போய்ப் பிள்ளைகள் மட்டும் நின்ற வீடுகளும் உண்டு. ஜூன் 20 அன்று கோமுகி ஆற்றங்கரையில் வரிசையாகச் சிதைகள் எரிந்தன. நான் போயிருந்தேன். அதைப் பற்றி இங்கே அதிகம் எழுதப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்தக் கோமுகி எங்கே புறப்படுகிறது? நீங்கள் குளிக்கப் போகிறீர்களே, அந்த மலையில்தான். அருவியாக விழுந்து, அணையில் தேங்கி, வாய்க்காலில் பிரிந்து, மிச்சம் கருணாபுரத்துப் பக்கம் வருகிறது.

இந்தச் சாவுக்குப் பிறகு எல்லோர் கண்ணும் மலைமேல் திரும்பியது. கல்வராயன் மலையில் ஊறல் போடுகிறார்கள், சாராயம் காய்ச்சுகிறார்கள் என்பது பழைய பேச்சு. அது பொய்யும் இல்லை. ஆனால் கருணாபுரத்தில் ஆளைக் கொன்றது வெல்லமும் பட்டையும் போட்டு ஊறவைத்த மலைச்சாராயம் அல்ல. கெமிக்கல் கடைச் சரக்கு. பேரல் கணக்கில் கைமாறி வந்தது. இருந்தும் போலீஸ் படை ஏறியது மலைக்கு. பழி எப்போதும் கீழ்நோக்கித்தான் ஓடும் என்பார்கள். இந்தத் தடவை மேல்நோக்கியும் ஓடியது.

அந்த வேளையில்தான் சென்னை உயர்நீதிமன்றம் 2024 ஜூலையில் தானே முன்வந்து ஒரு வழக்கை எடுத்தது. நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு. கல்வராயன் மலை மக்கள் எப்படி வாழ்கிறார்கள், அவர்களுக்குப் பள்ளிக்கூடம் உண்டா, ஆஸ்பத்திரி உண்டா, ரோடு உண்டா என்று அரசாங்கத்தைக் கேட்ட வழக்கு அது. அப்போது நீதிமன்றத்தில் சொல்லப்பட்ட இரண்டு செய்திகளைப் பத்திரிகையில் படித்து என் சினேகிதர்களே வாயைப் பிளந்தார்கள். இந்த மலை 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது என்பது ஒன்று. இங்கே ஓட்டுப் போடும் உரிமை வந்ததே 1996-ல்தான் என்பது மற்றொன்று. கள்ளக்குறிச்சியிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கிற சமாசாரம் இது.

இரண்டாம் வரி: கச்சிராப்பாளையம். கோமுகி அணை. அரை மணி நேரம் பார்க்கலாம்.

அணை சின்னதுதான், 46 அடி. பின்னால் மலை நீலமாக நிற்கும். போட்டோ எடுக்க நன்றாக இருக்கும். அணைத் தண்ணீர் கரும்புக்கும் நெல்லுக்கும் போகிறது. கச்சிராப்பாளையத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. மலையில் விழுகிற மழை கீழே சர்க்கரையாகிறது. மலைக்காரனுக்கு அணையில் ஒரு சொட்டுப் பாத்தியதை கிடையாது. கரும்பு வெட்டுகிற எங்கள் ஆட்களுக்கோ கூலியைத் தவிர வேறு பாத்தியதை கிடையாது.

என் அப்பா கரும்பு வெட்டப் போவதற்கு முன்னால் சுமைகாரர். ஒரு மண்டிக்காரருக்கு மலையேறிச் சுமை தூக்கினார். போகும்போது உப்பும் கருவாடும் துணியும். வரும்போது புளி, கடுக்காய், சமயத்தில் தேன். அப்போது மலைக்கு பஸ் ஏது? அடிவாரத்திலிருந்து ஒற்றையடிப் பாதை. அதிகாலையில் ஏறினால் வெயில் உச்சிக்கு வரும்போது முதல் ஊர் வரும். எனக்கு ஒன்பது வயசோ பத்து வயசோ. 1975 ஆக இருக்க வேண்டும். பள்ளிக்கூட லீவில் என்னையும் ஒரு தடவை கூட்டிப் போனார். சின்ன மூட்டை ஒன்று என் தலையிலும்.

போகிற வழியெல்லாம் நான் ஒரு கற்பனை வைத்திருந்தேன். மலையில் சாதி இருக்காது என்று. யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. காட்டில் இருக்கிறவன் கபடமில்லாதவன் என்று பாடப்புத்தகம் சொல்லியிருக்கலாம். முதல் ஊரில் ஒரு வீட்டு வாசலில் மூட்டையை இறக்கினோம். நாக்கு வறண்டு போயிருந்தது. ஒரு அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். நான் சொம்புக்குக் கையை நீட்டினேன். அப்பா என் கையைத் தட்டிவிட்டு, குனிந்து, இரண்டு கையையும் குவித்து வாய்க்கு நேராக வைத்துக்கொண்டார். அந்த அம்மா மேலேயிருந்து ஊற்றினார். கச்சிராப்பாளையம் டீக்கடையில் எப்படியோ அப்படியே. மூவாயிரம் அடி ஏறியும் அந்தச் சொம்பு எங்கள் கைக்கு வரவில்லை.

தண்ணீர் குடித்து முடித்ததும் அப்பா கேட்டார், "கவுண்டரு இல்லீங்களா?" அந்த அம்மா சொன்னார், "ஜாகீரு வேலைக்குப் போயிருக்காரு. நாலு நாளாச்சு. எப்ப அனுப்புவாங்களோ."

கீழே இறங்கும்போது அப்பாவிடம் கேட்டேன், நாலு நாள் வேலைக்கு எவ்வளவு கூலி கிடைக்கும் என்று. அப்பா சிரித்தார். "கூலியா? அது வெட்டிடா. நாம ஊர்ல செய்யல? அதுமாதிரிதான்." எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்த வீட்டுக்காரரும் என் அப்பாவைப் போலவே வெட்டி செய்கிறவர் என்பது அந்த வயசில் எனக்குப் புரியவில்லை. இன்றும் முழுக்கப் புரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். இந்தக் கட்டுரை முழுக்க அந்த முடிச்சைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறது.

மூன்றாம் வரி: வெள்ளிமலை.

ஒன்றியத்தின் தலைமை ஊர். பஸ் நிற்கும். டீ கிடைக்கும். இங்கே கொஞ்சம் அதிக நேரம் நிற்க வேண்டும்.

இம்மலையில் வாழ்கிறவர்கள் மலையாளிகள். கேரளத்துக்காரர்கள் அல்லர். மலையை ஆளுகிறவர்கள், மலையில் இருப்பவர்கள் என்ற பொருளில் மலையாளி. அரசாங்கக் கணக்கில் பழங்குடி. பேசுவது தமிழ். பெயருக்குப் பின்னால் கவுண்டர் போட்டுக்கொள்வார்கள். காஞ்சியிலிருந்து வந்த வேளாளர் வம்சம் என்று பூர்வீகக் கதை சொல்வார்கள். இதே சனங்கள் ஈரோடு மாவட்டத்து பர்கூர் மலையில் இருந்தால் பழங்குடி இல்லை. பட்டியலில் மலையாளிக்கு எழுதிய மாவட்டங்களில் அந்தப் பக்கம் விட்டுப்போயிற்று. தாசில்தார் ஆபீஸ் எல்லைக்கோடு தாண்டினால் இனமே மாறிவிடும் என்றால், நம் நாட்டில் சாதியை மட்டுமல்ல, பழங்குடியையும் ரெவின்யூ இலாகாதான் பிறப்பிக்கிறது.

1906-ல் வெளிவந்த தென்னாற்காடு கெஜட்டீரில் டபிள்யூ. பிரான்சிஸ் என்ற வெள்ளைக்காரர் இவர்களைப் பற்றி ஒரு கதை எழுதியிருக்கிறார். பிறகு 1909-ல் தர்ஸ்டனும் தன் சாதிகள் தொகுப்பில் அதை எடுத்துப் போட்டார். காஞ்சியிலிருந்து வந்தவர்கள் இந்த மலைக்கு ஏறியபோது இங்கே வேடர்கள் இருந்தார்களாம். வேடர்களில் ஆண்களைக் கொன்றுவிட்டுப் பெண்களைக் கட்டிக்கொண்டார்களாம். அதன் நினைவாகக் கல்யாணத்தில் வானத்தைப் பார்த்துத் துப்பாக்கி ஒன்று வெடிப்பார்களாம், பழைய வேடப் புருஷன் செத்தான் என்பதற்கு அடையாளமாக. வெள்ளைக்காரன் எழுதியதெல்லாம் வேதவாக்கு இல்லை. ஆனால் இது அவர்களே தங்களைப் பற்றிச் சொன்ன கதை. தோற்றவனுடைய பெயரை ஒரு வெடிச்சத்தமாக மட்டும் வைத்துக்கொண்ட கதை. அந்த வேடனுக்குக் கல்வெட்டு இல்லை, செப்பேடு இல்லை, கெஜட்டீரில் அரை வரிதான். மலை அமைதியாக இருக்கிறது என்று சொல்கிறவர்கள் இந்தத் துப்பாக்கிச் சத்தத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

சரி, ஜாகீருக்கு வருவோம். தென்னாற்காட்டுப் பக்கத்து மலை மூன்று பாளையங்களாகக் கிடந்தது. சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், அரிய கவுண்டன் என்பவை அந்தப் பாளையப்பட்டுகளின் பெயர்கள். சேலம் பக்கத்தில் சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று வேறு. கிருஷ்ணதேவராயர் கொடுத்தது என்று வாய்வழியாகச் சொல்வார்கள். வெள்ளைக்காரன் வந்தான். கீழே சமவெளியில் ஒவ்வொரு வயலையும் சங்கிலி போட்டு அளந்து ரயத்துவாரி வரி போட்டவன், மேலே ஏறி அளக்கவில்லை. பாளையக்காரனை ஜாகீர்தாராக ஏற்றுக்கொண்டு கீழேயே இருந்துவிட்டான். மலைக்காய்ச்சலுக்குப் பயந்தான் என்றும் சொல்லலாம். மலேரியா அந்தக் காலத்தில் மலையைக் காத்தது, மலைக்காரனைக் கொன்றது.

சில வருஷங்களுக்கு முன் வெள்ளிமலைப் பக்கம் ஒரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். வயசு எண்பதுக்கு மேல் இருக்கும். அவர் சொன்னதை அவர் பேச்சிலேயே தருகிறேன்:

"ஏருக்கு இவ்ளோ, கொத்துக்கு இவ்ளோன்னு குடுக்கணும். கொத்துன்னா ஏர் ஓட்ட முடியாத சரிவுல கொத்தி வெதைக்கிறது. நெலம் அளந்ததெல்லாம் கெடையாது. சாமை வெளஞ்சா அதுல ஒரு பங்கு. தேன் எடுத்தா அதுல. வீட்ல கல்யாணம்னா மொதல்ல போயி அங்க சொல்லணும். ஆள் வேணும்னு சொல்லி அனுப்பிச்சா ஊட்டுக்கு ஒரு ஆளு போயி நிக்கணும். நம்ம காட்டுல கதிரு முத்தி உதுந்துகினு கெடந்தாலும் அவங்க காட்டுலதான் அறுக்கணும். கஞ்சி ஊத்துவாங்க. அதான் கூலி. யாருகிட்ட போயி சொல்றது? கீழ எறங்குனா போலீசு இருக்குன்றதே எங்களுக்குத் தெரியாது தம்பி. தெரிஞ்சிருந்தாலும் போயிருக்க மாட்டோம்."

1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. சமவெளியில் பெரிய பெரிய ஜமீன்களெல்லாம் கலைந்தன, அரண்மனைகள் கல்யாண மண்டபங்களாயின. 1950-ல் அரசியல் சட்டம். 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது, 23-ஆவது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்தது. பாபாசாகேப் தலைமையில் எழுதிய அந்தச் சட்டம் கோமுகி அடிவாரத்துக்கு வந்து நின்றுவிட்டது. 1976 வரை மலை ஏறவில்லை. காங்கிரஸ் ஆண்டது, 1967-ல் தி.மு.க. வந்தது, நிலச் சீர்திருத்தம் பற்றி மேடைக்கு மேடை பேசினார்கள். மேலே வெட்டி நடந்துகொண்டிருந்தது.

எப்போது முடிந்தது தெரியுமா? நெருக்கடி நிலையின்போது. 1975 ஜூனில் நெருக்கடி நிலை. 1976 ஜனவரி 31-ல் தி.மு.க. ஆட்சி கலைப்பு. ஜனாதிபதி ஆட்சி நடந்த அந்த வருஷத்தில்தான் ஜாகீர்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் அதே 1976-தான். நாடு முழுக்கப் பத்திரிகைக்காரர்களும் கட்சிக்காரர்களும் சிறையில் இருந்தபோது, ஜனநாயகம் செத்துவிட்டது என்று படித்தவர்கள் அழுதபோது, கல்வராயன் மலைக்காரன் ஜாகீரிலிருந்து வெளியே வந்தான். நெருக்கடி நிலையைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் ஏழைகளின் குடிசைகளை டில்லியில் என்ன செய்தார்கள், கட்டாயக் கருத்தடை யாருக்கு நடந்தது என்பதெல்லாம் எனக்கும் தெரியும். நான் கேட்பது வேறு. 1947-க்கும் 1975-க்கும் இடையில் இருந்த ஜனநாயகம் யாருடைய ஜனநாயகம்? ஜனநாயகம் இருந்த இருபத்தெட்டு வருஷத்தில் செய்யாததை அது இல்லாதபோது ஒரு கையெழுத்தில் செய்ய முடிந்தது என்றால், நம் வரலாற்றுப் புத்தகங்களில் இந்த வருஷங்களை வேறு மாதிரி எழுத வேண்டியிருக்கிறது. இதைப் பற்றி எழுதுகிற பேராசிரியர்கள் ஒருவரையும் நான் வெள்ளிமலை பஸ்ஸில் பார்த்ததில்லை.

அந்தப் பெரியவரிடம் கேட்டேன், ஜாகீர் போனபோது என்ன நடந்தது, மேளம் அடித்தீர்களா என்று. "ஒண்ணும் அடிக்கல. ஜீப்பு வந்துச்சு. இனிமே சர்க்காருன்னாங்க. சரின்னோம். அப்புறம் காட்டிலாக்கா வந்துச்சு."

நான்காம் வரி: கரியாலூரில் தங்கல்.

கரியாலூரில் பூங்கா இருக்கிறது, படகு விடுகிறார்கள், கோடை விழா நடக்கும். மேகம் அருவி, பெரியார் அருவி எல்லாம் மழைக்குப் பிறகு போனால்தான் பார்க்க லாயக்கு. மே மாதம் போனால் பாறையைத்தான் பார்க்க வேண்டும். பெரிய ஓட்டல் கிடையாது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் சாப்பாடு கிடைப்பது சிரமம். இதைத்தான் 'கெடாமல் இருக்கிறது' என்கிறோம்.

கெட்ட மலைகள் எப்படிக் கெட்டன? ஊட்டிக்கு 1819-ல் ஜான் சல்லிவன் ஏறினார். தோடர்களின் நிலத்தை ஏக்கர் ஒரு ரூபாய்க்கு வாங்கி வீடு கட்டினார். பிறகு மாகாண அரசாங்கமே கோடைக்கு மேலே ஏறியது. ஏற்காட்டில் சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820-ஐ ஒட்டிக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். சேர்வராயன் மலையிலும் இதே மலையாளிகள்தான். அங்கே அவர்கள் எஸ்டேட்டுக்கு வேலி போட்ட பிறகு வேலிக்கு வெளியிலும், கூலிக்கு மட்டும் வேலிக்கு உள்ளேயுமாக ஆனார்கள். மாஞ்சோலையில் சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல் ஒரு கம்பெனிக்குக் காட்டைக் குத்தகைக்கு விட்டது. ஏறியவர்களில் பெரும்பாலோர் நம்ம சனங்கள். கூலி உயர்வு கேட்டு 1999 ஜூலை 23-ல் திருநெல்வேலிக்கு ஊர்வலம் போனபோது போலீஸ் அடித்து விரட்டியதில் தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள், கைக்குழந்தை உட்பட. 2024-ல் கம்பெனி தோட்டத்தை மூடிவிட்டு எல்லோரையும் கீழே இறங்கச் சொன்னது. அவர்கள் இறங்கிய பிறகு மாஞ்சோலையும் அமைதியான மலைதான்.

கல்வராயனுக்கு இந்தக் கதி வராததற்கு அதன் உயரமும் காய்ச்சலும் ஜாகீரும் காரணம். குளிர் போதவில்லை, துரைகள் வரவில்லை. ரோடு போடுவதற்கு ஜாகீருக்குத் தேவையில்லை. ஆள் வெளியே போகாமல் இருக்க ரோடு இல்லாமல் இருப்பதே நல்லது. கோடை மாளிகைகளுக்குப் பதிலாக மரவள்ளிக்கிழங்குதான் வந்தது. ஜவ்வரிசி ஆலைக்குக் கிழங்கு லாரி இறங்குகிறது. ஆட்கள் கேரளத்துக்கும் குடகுக்கும் மிளகு பறிக்க, காப்பி பறிக்கப் போகிறார்கள். வீடுகளில் கிழவிகளும் குழந்தைகளும். நண்பர்கள் கேட்ட அந்த அமைதியில் இந்தப் பூட்டிய கதவுகளும் சேர்ந்திருக்கின்றன.

ஜாகீருக்குப் பிறகு வந்த காட்டிலாகாவைப் பற்றி ஒரு பெயர் சொன்னால் போதும். வாச்சாத்தி. கல்வராயனுக்கு மேற்கே சித்தேரி மலையடிவாரம், அதே மலையாளிகள். 1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், ரெவின்யூ மூன்றும் சேர்ந்து ஊருக்குள் புகுந்தன. 18 பெண்கள். ஊரே சூறை. வழக்கில் 269 பேர் மீது குற்றச்சாட்டு. 2011 செப்டம்பரில் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அதில் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள், மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பரில்தான் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தொரு வருஷம். பிறகு 2015 ஏப்ரல் 7. சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று ஆந்திரப் போலீஸ் சுட்டுக்கொன்ற 20 பேரில் ஜவ்வாது மலைக்காரர்களும் சித்தேரிக்காரர்களும் இருந்தார்கள். வன உரிமைச் சட்டம் 2006-லேயே வந்தது. தமிழ்நாட்டில் 2008-ல் உயர்நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு பட்டாவை நிறுத்திவைத்தது. உச்சநீதிமன்றம் 2016-ல்தான் அதை நீக்கியது. எட்டு வருஷம் சட்டம் இருந்தும் இல்லாத மாதிரி.

ஐந்தாம் வரி: சாப்பாடு, தண்ணீர்.

மற்றவர்கள் போடுகிற சுற்றுலாத் திட்டத்தில் இது ஒரு சின்ன வரி. எங்கே இட்லி நன்றாக இருக்கும் என்று எழுதுவார்கள். நமக்கு இது சின்ன வரி இல்லை. இதற்கு மலையை விட்டு அவுரங்காபாத் வரை போய்வர வேண்டும்.

1934-ல் அம்பேத்கரின் இயக்கத் தோழர்கள் சிலர், நீங்களும் வந்தால் ஒரு சுற்றுலா போகலாம் என்றார்கள். எல்லோராவின் பௌத்தக் குகைகளைப் பார்க்க வேண்டும் என்பது திட்டம். சுமார் முப்பது பேர். அதை அவரே 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன்வரலாற்றுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அவர்கள் போட்ட திட்டத்திலேயே ஒரு விஷயம் இருந்தது: நிஜாம் ஆட்சிப் பகுதியில் நாம் யார் என்று வெளியே தெரியாமல் போக வேண்டும். வட்டமேசை மாநாட்டுக்குப் போய்வந்தவர், லண்டனிலும் நியூயார்க்கிலும் பட்டம் வாங்கியவர், இரண்டு நாள் ஊர் சுற்றிப் பார்ப்பதற்கு மறைந்து போக வேண்டியிருந்தது. தௌலதாபாத் கோட்டைக்குப் போனார்கள். வழியெல்லாம் தூசி. கோட்டை வாசலில் குளம் நிறையத் தண்ணீர். சிலர் முகம் கை கால் கழுவினார்கள். வெள்ளைத்தாடிக் கிழவர் ஒருவர் கத்திக்கொண்டு ஓடிவந்தார், தீண்டாதவர்கள் குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று. கூட்டம் சேர்ந்தது. அம்பேத்கர் வாதாடிய பிறகுதான் உள்ளே விட்டார்கள், அதுவும் கோட்டைக்குள் எங்கேயும் தண்ணீரைத் தொடக் கூடாது என்ற நிபந்தனையோடு. பார்த்துக்கொள்ள ஆயுதத்தோடு ஒரு சிப்பாயும் கூட வந்தான். அங்கே விரட்டியவர்கள் இந்துக்கள் இல்லை, முஸ்லிம்கள். இந்துவுக்குத் தீண்டாதவன் பார்சிக்கும் முஸ்லிமுக்கும்கூடத் தீண்டாதவன்தான் என்று காட்டத்தான் அவர் அதை எழுதினார். மலையாளிக்கும் அப்படித்தானா என்பது 1975-ல் என் குவிந்த கைக்குத் தெரிந்தது.

இங்கே நான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பழங்குடி மக்கள் நமக்கு எதிரி என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜாகீருக்கு வெட்டி செய்தவன், காட்டிலாகாவிடம் அடி வாங்கியவன், ஓட்டே இல்லாமல் கிடந்தவன் நமக்கு எதிரி ஆக முடியாது. அதற்காக எஸ்.சி., எஸ்.டி. என்று ஒரே மூச்சில் மேடையில் சொல்லிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும் என்றும் நான் நம்பவில்லை. நம் இயக்கங்கள் இதைப் பேசாமல் தாண்டிப் போகின்றன. சாதி என்பது மேலேயிருந்து கீழே ஊற்றப்படுகிற தண்ணீர். ஊற்றுகிறவன் மேலேயும் ஒருவன் ஊற்றிக்கொண்டிருக்கிறான். மலைக்காரரிடம் 'நீயும் நானும் ஒன்று' என்று நான் சொன்னால் அவர் மரியாதைக்குத் தலையாட்டுவார். அவர் மனசுக்குள் காஞ்சி வேளாளர் இருப்பார். என் மனசுக்குள்ளும் என்னைவிடக் கீழே என்று நான் நினைத்துவைத்திருக்கிற யாரோ இருப்பார். இல்லை என்று சத்தியம் பண்ண என்னால் முடியாது.

அந்தப் பெரியவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினேன் என்றேன் அல்லவா? பேச ஆரம்பிக்கும் முன் அவரும் கேட்டார். "எந்த ஊரு? இன்னா ஆளுங்க?" சுற்றி வளைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "முன்னல்லாம் உங்க ஆளுங்க உப்பு தூக்கினு வருவாங்க" என்றார். "எங்க அப்பா வந்திருக்காரு" என்றேன். அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். பேத்தி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். எவர்சில்வர் டம்ளர். கையில் கொடுத்தாள், வாங்கிக் குடித்தேன். அது எல்லோருக்கும் கொடுக்கிற டம்ளரா, தனியாக வைத்த டம்ளரா என்று அப்போதும் கவனித்தேன். அந்தக் கவனம் நம்மை விட்டுப் போகாது. குடித்துவிட்டுக் கீழே வைத்தேன், அவள் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

திட்டத்தை எழுதி முடித்து அனுப்பிவிட்டேன். சனிக்கிழமை காலை ஆறரைக்கு கள்ளக்குறிச்சி பஸ் நிலையம். முதலில் கருணாபுரம், நடந்தே போகலாம். பிறகு கச்சிராப்பாளையம், அணை. மதியம் வெள்ளிமலை, அங்கே அந்தப் பெரியவர் இருந்தால் அவரோடு இரண்டு மணி நேரம். ராத்திரி கரியாலூர். ஞாயிற்றுக்கிழமை மேகம் அருவி, மழை பெய்திருந்தால். சாயங்காலம் இறக்கம். போர்வை கொண்டுவர வேண்டும், ராத்திரி குளிரும். டார்ச் லைட் வேண்டும். பிளாஸ்டிக் கவரை வீசக் கூடாது.

அதைப் படித்துவிட்டு அவர்களில் ஒரு பெண் போன் செய்தாள். "எல்லாம் சரி அண்ணே. மேல யாராவது, என்ன ஆளுங்கன்னு கேட்டா என்ன சொல்றது? நாங்க காலேஜ் பசங்கன்னு சொல்லிடலாமா?"

அதை நீங்களே பஸ்ஸில் பேசி முடிவு பண்ணுங்கள் என்றேன். கூடவே தண்ணீர் கேன் எடுத்துவர வேண்டுமா என்றும் கேட்டாள். வேண்டாம், மேலே கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.